கொடுக்க மறுத்த பெயர்ப் பட்டியல்

ஒரு சங்கத்தில் நீங்கள் உறுப்பினராகச் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது இரத்ததானக் கழகமாக இருக்கலாம். பார்வையற்றோருக்கு உதவும் அறநிலையமாக இருக்கலாம். உங்கள் ஊர் வாசகர் வட்டமாகவும் இருக்கலாம். முதலில் உங்கள் கைக்கு வருவது ஒரு படிவம். பெயர், முகவரி, வயது, தொழில், தொலைபேசி எண் என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். நீங்களும் தயங்காமல் எழுதிக் கொடுத்து, சந்தாவைக் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவீர்கள். அந்தப் படிவம் பிறகு எங்கே போயிற்று, யார் யார் அதைப் பார்த்தார்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

எண்ணிப் பார்க்க வேண்டிய செய்திதான். ஏனெனில், தன் உறுப்பினர்களின் பெயர்களைக் கொடுக்க மறுத்த ஒரே காரணத்துக்காக ஒரு சங்கம் ஒரு லட்சம் டாலர் அபராதத்துக்கு ஆளாயிற்று. எட்டு ஆண்டுகள் ஒரு மாநிலத்தில் இயங்க முடியாமல் முடங்கிக் கிடந்தது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், நாம் சாதாரணமாக நினைக்கும் அந்தப் படிவத்தின் மதிப்பு விளங்கும்.

கல்லும் பட்டியலும்

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். நிலை ஆற்றல் பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வதுண்டு. ஒரு கிலோகிராம் நிறையுள்ள கல் தரையில் கிடக்கிறது. குழந்தைகள் அதைத் தாண்டி ஓடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. அதே கல்லைப் பத்து மீட்டர் உயரமுள்ள மாடியின் விளிம்பில் வையுங்கள். இப்போது அதனிடம் ஏறத்தாழ 98 ஜூல் ஆற்றல் இருக்கிறது. கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. கல்லின் நிறை மாறவில்லை, உருவம் மாறவில்லை. அது இருக்கும் இடம்தான் மாறிற்று.

பெயர்ப் பட்டியலும் இப்படித்தான். சங்கத்துப் பொருளாளரின் மேசைக்குள் இருக்கும்வரை அது வெறும் சந்தாக் கணக்கு. சங்கத்தைப் பகைப்பவர் கைக்குப் போய்விட்டால் அதே தாள் ஆயுதமாகிவிடுகிறது. இது கற்பனை அன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உண்மையாகவே நடந்தது.

பெயர் தெரிந்தால் என்ன ஆகும்?

1909-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஒரு சங்கம் தோன்றியது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். என்.ஏ.ஏ.சி.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். உறுப்பினர்கள் செலுத்தும் சந்தாவையும் நன்கொடையையும் கொண்டு, கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக நீதிமன்றங்களில் வழக்காடி வந்தது. 1954 மே மாதத்தில், பள்ளிகளில் நிறத்தின் அடிப்படையில் குழந்தைகளைப் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அல்லவா? அந்த வழக்கை நடத்தி வென்றவர்கள் இச்சங்கத்தைச் சார்ந்த வழக்கறிஞர்களே. தென்மாநில ஆட்சியாளர்களின் கோபம் முழுவதும் சங்கத்தின் மேல் திரும்பியதில் வியப்பில்லை.

1955-ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் யாசூ சிட்டி என்னும் சிற்றூரில் 53 கறுப்பின மக்கள், பள்ளிகளில் பிரிவினையை நீக்குமாறு ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். 'வெள்ளையர் குடிமக்கள் மன்றம்' என்ற அமைப்பு அந்தப் பெயர்களை உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரமாக வெளியிட்டது. பலருக்கு வேலை போயிற்று. சிலருக்குக் கடைக்காரர்கள் பண்டம் விற்க மறுத்தார்கள். கையெழுத்திட்டவர்களில் ஏறத்தாழ அனைவரும் ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் பெயரை விலக்கிக்கொண்டார்கள். அது எல்லாரும் அறியக் கொடுத்த மனு. சங்கத்தின் இரகசியப் பட்டியலே வெளியாகியிருந்தால் விளைவு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தென் கரோலினா மாநிலம் 1956-இல் ஒரு சட்டமே இயற்றியது. இச்சங்கத்தின் உறுப்பினர் எவரும் அரசுப் பணியில் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். சார்ல்ஸ்டன் நகரில் ஆசிரியையாக இருந்த செப்டிமா கிளார்க் தம் உறுப்பினர் பதவியை மறைக்கவுமில்லை, துறக்கவுமில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய அவர் வேலையை இழந்தார், ஓய்வூதியத்தையும் இழந்தார். அந்த ஓய்வூதியம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது 1976-இல்தான்.

அலபாமாவின் கோரிக்கை

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். 1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் புகழ்பெற்ற பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. அதற்குக் காரணமான ரோசா பார்க்ஸ் அம்மையார், சங்கத்தின் அந்நகரக் கிளையில் செயலாளராகப் பணியாற்றியவர். போராட்டம் மாதக் கணக்கில் நீடித்தது.

1956 ஜூன் மாதம், அலபாமா மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஜான் பேட்டர்சன் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். வெளிமாநிலத்தில் பதிவான அமைப்பு எங்கள் மாநிலத்தில் இயங்க வேண்டுமானால் சில பத்திரங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். இச்சங்கம் அதைச் செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு. விசாரணை முடிவதற்கு முன்பே, சங்கம் மாநிலத்தில் இயங்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு, மாநிலத்தில் உள்ள உறுப்பினர் அனைவரின் பெயரையும் முகவரியையும் கொண்டுவரச் சொன்னது.

இங்கே சங்கம் என்ன செய்தது என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அது எல்லாவற்றையும் மறைக்கவில்லை. தன் சாசனத்தைக் கொடுத்தது. அலுவல் ஆவணங்களைக் கொடுத்தது. இயக்குநர்கள், நிர்வாகிகள் ஆகியோரின் பெயர்களைக் கொடுத்தது. மாநிலத்தில் மொத்தம் எத்தனை உறுப்பினர்கள், அவர்கள் செலுத்திய சந்தா எவ்வளவு என்ற கணக்கையும் கொடுத்தது. சாதாரண உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் கொடுக்க மறுத்தது. 

நீதிமன்றம் பத்தாயிரம் டாலர் அபராதம் விதித்தது. ஐந்து நாட்களுக்குள் பட்டியல் வராவிட்டால் அது ஒரு லட்சமாகும் என்று எச்சரித்தது. ஐந்து நாட்கள் கழிந்தன. பட்டியல் வரவில்லை. அபராதம் ஒரு லட்சம் டாலர் ஆயிற்று.

ஒரு விசித்திரமான சிக்கல்

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. சங்கத்துக்காக வாதாடியவர் ராபர்ட் கார்ட்டர். அங்கே ஒரு விசித்திரமான கேள்வி எழுந்தது. பெயரை இரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை உறுப்பினருடையது. அதைக் கோரவேண்டியவரும் அவரே. சங்கம் அதை எப்படிக் கோரலாம்?

கேள்வி நியாயமாகத் தோன்றுகிறது, இல்லையா? ஆனால் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். ஓர் உறுப்பினர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, 'நான் இச்சங்கத்தின் உறுப்பினன். என் பெயரை வெளியிடாதீர்கள்' என்று கேட்டால் என்ன ஆகும்? கேட்ட அந்தக் கணமே இரகசியம் போய்விடும்! உரிமையைக் கேட்பதே உரிமையை அழித்துவிடும். ஆகவே, உறுப்பினருக்காகச் சங்கமே பேசலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பட்டியலை வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் அல்லர், காவலர் என்னும் கருத்து இதில் அடங்கியிருக்கிறது.

1958 ஜூன் 30 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் எழுதிய அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக இருந்தனர். மக்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்கும் உரிமைக்கும், தாம் எந்தச் சங்கத்தில் இருக்கிறோம் என்பதை வெளியிடாமல் இருக்கும் உரிமைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்றது நீதிமன்றம். 'வேலையிலிருந்து நீக்குபவர்கள் தனிமனிதர்கள்தாமே, அரசு அன்றே!' என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. அரசு பட்டியலைப் பிடுங்கினால்தான் அந்தத் தனிமனிதர்களுக்கு வழி திறக்கிறது என்று சுட்டிக்காட்டியது. அபராதம் நீங்கியது.

ஆயினும் போராட்டம் முடியவில்லை. அலபாமா நீதிமன்றங்கள் புதுப்புதுக் காரணம் கூறி இழுத்தடித்தன. இதே வழக்கு நான்கு முறை உச்ச நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று. சங்கம் அலபாமாவில் மீண்டும் இயங்க வழி பிறந்தது 1964-இல்தான். எட்டு ஆண்டுகள்!

இடையில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரிலும் இதே கோரிக்கை எழுந்தது. அங்கே கிளையின் ஆவணங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் டெய்சி பேட்ஸ் அம்மையார். வரவு செலவுக் கணக்கைக் கொடுத்தார். பெயர்களைக் கொடுக்க மறுத்தார். 25 டாலர் அபராதம் பெற்றார். 1960-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையையும் நீக்கியது.

இரகசியத்துக்கு எல்லை இல்லையா?

உண்டு. 1928-இல் அதே உச்ச நீதிமன்றம், கூ க்ளக்ஸ் கிளான் என்னும் வன்முறைக் கும்பல் தன் உறுப்பினர் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. முகமூடியணிந்து பிறரைத் தாக்குவோர்க்கு அந்தரங்கம் என்ற கேடயம் கிடையாது என்பதே அதன் பொருள். ஆனால் இதிலும் ஒரு பாடம் உண்டு. அதே கும்பலைக் கட்டுப்படுத்த லூசியானா மாநிலம் 1924-இல் கொண்டுவந்த பட்டியல் சட்டம், பின்னாளில் கறுப்பின மக்களின் சங்கத்தின் மீதே திருப்பப்பட்டது. நல்ல நோக்கத்துக்காகத் திரட்டிய பட்டியலும் அதே நோக்கத்துக்குத்தான் பயன்படும் என்பதற்கு உறுதி இல்லை.

அறநிலையங்களில் மோசடி நடக்கிறதே, அதைத் தடுக்க அரசுக்கு விவரம் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இக்கேள்வி அண்மையிலும் எழுந்தது. பெருந்தொகை கொடுத்த நன்கொடையாளர்களின் பெயர்களை அறநிலையங்கள் தன்னிடம் கொடுக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் விதித்திருந்தது. அவற்றை இரகசியமாக வைத்திருப்போம் என்றும் வாக்களித்திருந்தது. நடந்தது என்ன? ஏறத்தாழ 2,000 இரகசியத் தாள்கள் தவறுதலாக இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருந்தது வழக்கில் வெளிப்பட்டது. இணைய முகவரியின் கடைசியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், இரகசியக் கோப்புகள் திறந்தன! 2021 ஜூலை முதல் நாள் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. ஆறு நீதிபதிகள் ஒருபுறம், மூவர் மறுபுறம். நன்கொடையாளர்களுக்கு உண்மையில் தீங்கு நேரும் என்று நிரூபிக்கப்படவில்லை என்பது அந்த மூவரின் கருத்து. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வாக்குறுதி மட்டும் பூட்டாகிவிடாது என்பது தெளிவாயிற்று.

தாளிலிருந்து கணிப்பொறிக்கு

1956-இல் ஒரு லட்சம் பெயர்களை, பக்கத்துக்கு நாற்பது வீதம் தட்டெழுத்தில் அடித்திருந்தால் 2,500 பக்கங்கள் ஆகியிருக்கும். அதைத் திருட ஒரு மூட்டை வேண்டும்; திருடினால் அலமாரி காலியாகிக் காட்டிக் கொடுக்கும். இன்று? ஒரு பெயருக்கும் முகவரிக்கும் சேர்த்து நூறு பைட்டுகள் என்று கொள்வோம். ஒரு லட்சம் பேருக்கு ஒரு கோடி பைட்டுகள், அதாவது பத்து மெகாபைட்டு. கைப்பேசியில் எடுக்கும் சில புகைப்படங்களின் அளவுதான்! நொடியில் நகலெடுக்கலாம். எடுத்த பின்னும் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். களவு போனதே தெரியாது.

ஆகவேதான் சட்டங்கள் தோன்றின. 1970-இல் மேற்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் உலகின் முதல் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, அரசியல் கருத்து, சமய நம்பிக்கை, தொழிற்சங்க உறுப்பினர் பதவி போன்றவற்றைத் தனிக்காவல் வேண்டும் தகவல்களாக வகுத்தது. இலாபநோக்கற்ற இத்தகைய அமைப்புகள் தம் உறுப்பினர்களின் விவரங்களை வைத்திருக்கலாம். ஆனால் அவர்களின் சம்மதமின்றி வெளியே கொடுக்கக் கூடாது என்றும் சொன்னது. நம் நாட்டில் 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின.

நாம் செய்யக் கூடியது

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த முறை ஒரு சங்கத்தின் படிவம் உங்கள் கைக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த விவரம் எதற்காக? இதை யார் பார்ப்பார்கள்? எப்போது அழிப்பீர்கள்? நீங்களே சங்கத்தின் செயலாளராக இருந்தால், இக்கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரத்ததானக் கழகத்துக்கு இரத்த வகை வேண்டும். தந்தையின் வருமானம் எதற்கு? பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது எதற்கு? சேர்க்காத விவரத்தை எவராலும் திருட முடியாது. கல்லை மாடிக்கு ஏற்றாமலே விட்டால் அது விழவும் போவதில்லை.

அலபாமாச் சங்கம் காட்டிய வழி எளிமையானது: கணக்கு எல்லாருக்கும் தெரியட்டும், பெயர்கள் பத்திரமாக இருக்கட்டும். நம் சங்கங்களில் பல இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பெயர்கள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. கணக்கு பூட்டிய பெட்டியில் இருக்கிறது!

அந்த வழக்கில் காப்பாற்றப்பட்டவர்கள் யார் யார் என்று நமக்குத் தெரியாது. சந்தா கட்டிய ஒரு சலவைத் தொழிலாளியாக இருக்கலாம், ஒரு பள்ளி ஆசிரியையாக இருக்கலாம். அவர்கள் பெயர் நமக்குத் தெரியவில்லை என்பதே சங்கம் தன் கடமையைச் சரியாகச் செய்தது என்பதற்குச் சான்று.