அடியில் ஒரு பெயர்

தருமபுரியில் அச்சுக்கோத்தே தலை நரைத்தவன் நான். ஈய எழுத்து, ட்ரெடில், ஆப்செட் எல்லாம் பார்த்தாயிற்று. எந்த நோட்டீஸ் கைக்கு வந்தாலும் முதலில் அடியில்தான் பார்ப்பேன்: அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்கிறதா? 1867-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட வரி அது. பொடி எழுத்தில்தான் கோப்போம். போலீஸ் வந்தால் முதலில் படிப்பது அதைத்தான்.

எங்கள் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று மறைந்த சுப்பிரமணிய சிவாவை மேடைகளில் தியாகி என்பார்கள். எனக்கு அவர் பத்திரிகைக்காரர். 1908-இல் ராஜத்துரோக வழக்கு. சிறையிலே தொழுநோய். 1912 கடைசியில் விடுதலை. மறுவருஷமே 'ஞானபானு' மாத இதழைத் தொடங்கிவிட்டார். 1910-ஆம் ஆண்டு அச்சுச் சட்டம் அமலில் இருந்த காலம் அது. புதிதாக அச்சகம் வைத்தால் 500 முதல் 2,000 ரூபாய் வரை பிணைத்தொகை. அச்சானது சர்க்காருக்குப் பிடிக்காவிட்டால் அதுவும் பறிபோகும்.

புதுச்சேரியில் இருந்த பாரதி அந்த இதழில் புனைபெயர்களில் எழுதினார். 'சின்னச் சங்கரன் கதை' அதில்தான் வந்தது: ஜமீன்தாரைப் புகழ்ந்து வயிறு வளர்க்கும் புலவர்களைப் பற்றிய கேலி. எழுதியவருக்குப் புனைபெயர் உண்டு, ஆசிரியருக்கு ஏது? ஜெயிலைப் பார்த்து வந்தவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டு நின்றார்.

இரண்டு பேருமே பெரிய கனவுக்காரர்கள். 1920-இல் பாரதி ஒரு திட்டம் போட்டார். தம் எழுத்தெல்லாம் 40 புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி, ஆக 4 லட்சம். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல வீட்டுக்கு வீடு விற்றுப்போகும் என்று நம்பிக் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். பணம் சேரவில்லை, மறுவருஷம் அவரும் இல்லை. சிவா பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப நினைத்தார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். நோயாளி என்று ரயிலில் ஏற்ற மறுத்ததால் ஊர் ஊராக நடந்தே போனார் சிவா. கோயில் எழும்புமுன் அவர் காலமும் முடிந்தது.

பாரதியின் 4 லட்சம் அன்றைக்கு வெறும் விஞ்ஞானக் கதை. இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி பொழுது சாய்வதற்குள் அதைத் தாண்டிவிடும். ஆனால் யாருமே எழுதாத எழுத்து வரும் என்று இருவரில் ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். இனி ஜமீன்தாருக்குப் புலவர் எதற்கு? போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவே புகழ்ந்து பாடும், சோறுகூடப் போட வேண்டாம். பெயரில்லாத எழுத்துக்குச் சட்டமும் வழிவிட்டுவிட்டது: 1867-க்குப் பதிலாக 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில் புத்தகங்களைப் பற்றிய பேச்சே கிடையாது. ஆனால் தேர்தல் நோட்டீஸுக்கு அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயர் இன்னமும் கட்டாயம்.

போன தேர்தலில் ஒரு தம்பி நோட்டீஸ் கொண்டுவந்தார். மேலே தலைவரை இமயம், எரிமலை என்று வர்ணனை. கீழே எதிராளிமேல் வசை.

"யாரு தம்பி எழுதினது?"

"போன்லயே கேட்டு வாங்கினதுங்கண்ணா."

"வெளியிடுபவர்னு யார் பேரைப் போடறது?"

"உங்க அச்சகம் பேரு போதாதாண்ணா?"

"அது என் பேரு. உன் பேரு இல்லாம மெஷின் ஓடாது."

தாளைத் திரும்ப வாங்கி, ஓரமாக நின்று முதல் தடவையாக முழுசாகப் படித்தார். இரண்டு வரியை அடித்துவிட்டு, தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.