ஒரு கொத்து அரிசி

1953 ஜூலையில் இலங்கையில் அரசு மானிய விலையில் பங்கிட்ட கூப்பன் அரிசி, கொத்து என்ற அளவு ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியது. வாரம் ஐந்து கொத்து வாங்கும் வீட்டுக்கு ஒன்றேகால் ரூபாச் செலவு மூன்றரை ரூபா ஆனது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது. தபால், ரயில் கட்டணங்களும் கூடின. 25 சத அரிசி தொடரும் என்று சொல்லி முந்தைய ஆண்டு தேர்தலில் வென்ற டட்லி சேனநாயக்கவின் அரசுதான் இத்தனையையும் செய்தது.

கஜானா காலியாகி வந்தது உண்மை. கொரியப் போர்க்காலத்தில் எகிறிய ரப்பர் விலை சரிந்துவிட்டது. இறக்குமதி அரிசியோ விலை கூடிக்கிடந்தது. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தனவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் கொடுத்த வாக்கை ஒரே நாளில் முறித்து, பிள்ளைகளின் சாப்பாட்டிலும் கைவைத்தது பெரும் பிழை.

ஆகஸ்ட் 12 அன்று இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் கடைகள் அடைபட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் நியூஃபவுண்ட்லாந்தில் ஏறிக் கூடியது. சொந்த மக்களுக்கு அஞ்சி அந்நியக் கப்பலில் நடந்த அந்தக் கூட்டத்தை நாடு மறக்கவில்லை. அக்டோபரில் டட்லி பதவி விலகினார். அரிசி விலையும் இறங்கியது.

அதன்பின் அரிசி மானியத்தைத் தொடவே எல்லாக் கட்சியும் நடுங்கியது. 1962இல் பங்கீட்டைக் குறைக்க முனைந்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க, சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பப் பதவியைத் துறந்தார். மீண்டும் பிரதமரான டட்லி 1966இல் பங்கீட்டை இரண்டு கொத்திலிருந்து ஒன்றாக்கினார். அந்த ஒன்றை இலவசமாகவே கொடுத்தார். அப்படியும் 1970 தேர்தலில், இரண்டு கொத்து தருவதாகச் சொன்ன சிறிமாவோ பண்டாரநாயக்க வென்றார்.

கடைசியில் மானியத்தை அகற்றியவர் அதே ஜெயவர்தன. 1977 தேர்தலில் 168 இடங்களில் 140ஐப் பிடித்திருந்தவர், இம்முறை படிப்படியாக நகர்ந்தார். 1978இல் வசதியுள்ளோரின் கூப்பனை நிறுத்தினார். 1979இல் மற்றவர்களுக்கு அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்டிருந்தது ரூபாத் தொகை. கொத்துக் கணக்கு அதில் இல்லை. விலைவாசி ஏற ஏற, அந்தத் தொகைக்குக் கிடைத்த அரிசி மாதத்துக்கு மாதம் சுருங்கியது. தெருவில் இறங்க ஒரு நாளைக் குறிக்க முடியாதபடி, ஏழை வீட்டு உலையில் அரிசி சிறுகச் சிறுகக் குறைந்தது.