மும்மை விண்மீன் தொகுதிகளில் கருந்துளைகளின் இணைவு

மூன்று விண்மீன்கள் ஈர்ப்பினால் பிணைந்து சுற்றிவரும் அமைப்பு மும்மை விண்மீன் தொகுதி எனப்படும். அவற்றுள் இரண்டு எரிந்து முடிந்து கருந்துளைகளான பின், அவை ஒன்றாக இணைவதற்கு மூன்றாவது விண்மீன் காரணமாகலாம். இறந்த விண்மீன்களைப் பற்றிய இந்த ஆய்வின் தொடக்கப் படிகளில் ஒன்று சென்னையில் அமைந்தது.

சென்னையில் தொடக்கம்

சுப்பிரமணியன் சந்திரசேகரின் (1910–1995) குடும்ப இல்லமான ‘சந்திர விலாஸ்’ மயிலாப்பூரில் இருந்தது. பட்டினப்பாக்கத்துக்கு வடக்கே, மெரினா கடற்கரைக்கு எதிரே உள்ள மாநிலக் கல்லூரியில் அவர் பயின்றார். 1928-இல் அங்கு வந்த செருமானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு, அவர் படித்திருந்த அணுக் கொள்கை பழையதாகிவிட்டது என்று கூறி, புதிய குவாண்டம் புள்ளியியலை அவருக்கு அறிமுகப்படுத்தினார். 1930-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில், 19 வயது சந்திரசேகர் அதை விண்மீன்களுக்குப் பொருத்திக் கணக்கிட்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெண் குறுமீன் நிலைத்திருக்க முடியாது என்பதே அக்கணக்கிலிருந்து வளர்ந்த முடிவு. 1935 சனவரி 11 அன்று இலண்டனில் நடந்த அரச வானியல் கழகக் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் இதை எள்ளி மறுத்தார். எனினும் சந்திரசேகரின் முடிவே நிலைத்தது. 1983-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இணைவதிலுள்ள சிக்கல்

2015 செப்டம்பர் 14 அன்று, இரு கருந்துளைகள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலாகப் பதிவு செய்தன. அவற்றின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 36, 29 மடங்கு. இவை எப்படி நெருங்கின என்பது கேள்வியாயிற்று. மிக அருகில் பிறந்த விண்மீன்கள், முதுமையில் பருக்கும்போதே ஒன்றுடன் ஒன்று கலந்துவிடக்கூடும். தொலைவில் பிறந்தவை நெருங்குவதற்கோ அண்டத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளும் போதா.

மூன்றாவதன் பங்கு

இதற்குத் தரப்படும் விடைகளுள் ஒன்று, செயற்கைக்கோள்களின் பாதையை ஆராய்ந்த உருசிய அறிஞர் மிகைல் லிதோவ், சிறுகோள்களை ஆராய்ந்த சப்பானியர் யோசிகிதே கோசாய் ஆகியோர் 1960-களின் தொடக்கத்தில் தனித்தனியே விளக்கிய விளைவு. மூன்றாவது விண்மீனின் பாதை மிகவும் சாய்ந்திருந்தால், அதன் ஈர்ப்பு உள் இணையின் பாதையை மெல்ல மெல்ல ஒடுங்கிய நீள்வட்டமாக்கும். அப்போது இரு கருந்துளைகளும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மிக அருகில் வரும். அந்நேரத்தில் எழும் ஈர்ப்பலைகள் ஆற்றலைக் கொண்டுசெல்வதால், பாதை சுருங்கி முடிவில் இரண்டும் இணையும்.

கருந்துளை மும்மைத் தொகுதியில் இருக்க முடியும் என்பதற்கு வி404 சிக்னி சான்றாகும். அதில் கருந்துளையை 6.5 நாளுக்கு ஒருமுறை ஒரு விண்மீன் சுற்றுகிறது. அவ்விரண்டையும் ஏறத்தாழ 70,000 ஆண்டுக்கு ஒருமுறை மற்றொரு விண்மீன் சுற்றுவது 2024-இல் அறிவிக்கப்பட்டது.