'எதிர்த்தார்', 'ஆதரித்தார்', 'வாக்களிக்கவில்லை': நீதிபதி பதவி நீக்க வாக்கெடுப்பும் செய்தியின் துல்லியமும்

நீதிபதி ஒருவரைப் பதவி நீக்கும் தீர்மானத்தில் ஓர் அரசியல்வாதி எந்தப் பக்கம் நின்றார் என்பதை ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் பழக்கம் நம் ஊடகங்களில் உண்டு. அந்தச் சொல் பிழைபட்டால் பாதிக்கப்படுவது அவர் பெயர் மட்டுமன்று. அவரைக் கேள்வி கேட்கும் வாக்காளரின் உரிமையுமாகும். கோட்டையூரில் நாளிதழ் படிக்கும் தலித் வாக்காளருக்கும் பயன்படும் வகையில் சட்ட நிலையையும் முன்நிகழ்வுகளையும் இங்கே தொகுக்கிறோம்.

சட்டம் சொல்வது

அரசமைப்புச் சட்டத்தின் 124(4)ஆம் பிரிவு நீதிபதியின் 'பதவி நீக்கம்' பற்றியே பேசுகிறது. 'கண்டனத் தீர்மானம்' என்று எழுதுவது வேறொரு நடைமுறையோடு குழப்பிவிடும். நீதிபதிகள் விசாரணைச் சட்டம், 1968இன்படி மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையொப்பமிட்டு அறிவிப்பு அளிக்க வேண்டும். அவைத் தலைவர் அதை ஏற்றால் மூவர் குழு விசாரிக்கும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே வாக்கெடுப்பு. ஆகவே கையொப்பமிட்டவர் விசாரணை கோரியவரே. பதவி நீக்கத்துக்கு வாக்களித்தவர் அல்லர்.

தீர்மானம் நிறைவேற, ஒவ்வோர் அவையிலும் இரு நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும்: மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கு.

1993: எதிர்ப்பு வாக்கே இல்லாத தோல்வி

நீதிபதி வி. ராமசாமிக்கு எதிராக 108 உறுப்பினர்கள் அளித்த அறிவிப்பை மக்களவைத் தலைவர் ரபி ராய் 1991 மார்ச் 12 அன்று ஏற்றார். நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான குழு, 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பிக்கப்பட்டதாகக் கண்டது. 1993 மே மாதம் சோம்நாத் சட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிந்தார். ராமசாமிக்காக வழக்கறிஞர் கபில் சிபல் வாதிட்டார். ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுமில்லை, காங்கிரஸ் உள்ளிட்ட 205 பேர் வாக்களிக்கவில்லை.

வாக்களித்தோர் அனைவரும் ஆதரித்ததால் இரண்டாம் நிபந்தனை நிறைவேறியது. முதல் நிபந்தனையால் தீர்மானம் வீழ்ந்தது. 'காங்கிரஸ் எதிர்த்து வாக்களித்தது' என்பது பொய். 'காங்கிரஸ் நடுநிலை வகித்தது' என்பதோ விளைவை மறைக்கும் பாதி உண்மை. 'வாக்களிக்கவில்லை, அதனால் தீர்மானம் தோற்றது' என்பதே முழுச் செய்தி.

அப்போது சிவகங்கைத் தொகுதி உறுப்பினர் காங்கிரஸைச் சேர்ந்த ப. சிதம்பரம். கட்சியின் நிலைப்பாட்டை மட்டும் வைத்து அவர் அவையில் இருந்தாரா, என்ன செய்தார் என்று எழுதிவிட இயலாது. அதற்குச் சான்று அவை நடவடிக்கைக் குறிப்பே.

நடவாத வாக்கெடுப்பு

தலித் சமூகத்திலிருந்து வந்த நீதிபதி பி.டி. தினகரன் மீது காவேரிராஜபுரம் நில ஆக்கிரமிப்பு உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவர் அவற்றை மறுத்தார். 2009 டிசம்பரில் மாநிலங்களவை உறுப்பினர்கள் 75 பேர் அறிவிப்பு அளித்தனர். விசாரணைக் குழு பணியை முடிக்குமுன் 2011 ஜூலையில் அவர் பதவி விலகினார். இரு அவைகளிலும் வாக்கெடுப்பே நடக்கவில்லை. எனவே எவரையும் 'தினகரனுக்கு எதிராக வாக்களித்தவர்' என்பதும், 'தலித் நீதிபதியைக் காத்தவர்' என்பதும் ஆதாரமற்றவை. தனித்தொகுதி உறுப்பினர் மீது இத்தகைய சொல் விழுந்தால், அது 'சமூகத் துரோகி' என்னும் பழியாக மாறி நெடுங்காலம் நிற்கும்.

பகுஜன் சமாஜ் கட்சியின் போக்கும் பாடமாகும். 2011 ஆகஸ்டில் நீதிபதி சௌமித்ர சென்னை நீக்க மாநிலங்களவை 189 ஆதரவு வாக்குகளுடன் தீர்மானம் நிறைவேற்றியபோது அக்கட்சி எதிர்த்தது. 2018இல் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவுக்கு எதிரான அறிவிப்பில் அக்கட்சி உறுப்பினர்களும் கையொப்பமிட்டனர். வெங்கையா நாயுடு அதை நிராகரித்தார். இரு நிகழ்வுகளையும் கலந்து ஒரே 'நிலைப்பாடு' என எழுதுவது தவறு.

வாசகர் கேட்க வேண்டியவை

எந்த நீதிபதி, எந்த அவை, எந்த நாள்? கையொப்பமா, பேச்சா, வாக்கா? வாக்கு எனில், ஆதரவா, எதிர்ப்பா, வாக்களியாமையா, அவைக்கு வராமையா? இது கட்சியின் அறிவிப்பா, அவரது சொந்தச் செயலா?

இவற்றுக்கு விடையளிக்காத செய்தியை எவர் மீதும் குற்றம் சாட்டப் பயன்படுத்தலாகாது. எவரையும் புகழவும் பயன்படுத்தலாகாது. பிழை வெளியானால், அது வந்த அதே இடத்தில் திருத்தம் வெளியிட வேண்டுமென ஆசிரியருக்கு எழுதுவோம். நாளிதழ் மறுத்தால் இந்தியப் பத்திரிகை மன்றத்தில் முறையிடும் வழி உண்டு. அதிகாரத்தில் இருப்போரைப் பொறுப்பேற்கச் செய்ய விரும்பும் நமக்கு, அவர்கள் செய்ததைச் செய்தபடியே அறிவது முதல் தேவை.