தூக்க நேர்ச்சை (கொல்லங்கோடு)

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார மக்களும் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தாரும் சேர்ந்து நிறைவேற்றும் சடங்காட்டம். மாநில எல்லைக்கு இப்பால், தமிழகப் பக்கத்துக் கொல்லங்கோடு பத்ரகாளி கோயிலில் மீனபரணி நாளில் (பங்குனி பரணி) நடைபெறுகிறது. இரு பகுதிகளும் 1949 வரை திருவிதாங்கூர்; பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. மாநில எல்லை வந்த பின்னும் நேர்ச்சைக்காரர் வரவு நிற்கவில்லை.

பிள்ளைப்பேறு வேண்டியோர் குழந்தை பிறந்தபின் அதைத் தூக்கத்துக்கு (வில்லில் தொங்கும் சடங்குக்கு) தருவர். விரதமிருந்த தூக்கக்காரர் நால்வர், ஆளுக்கொரு குழந்தையை அணைத்தபடி, வண்டியில் பொருத்திய இரண்டு நெடிய மரவிற்களில் தொங்குவர். வில் உயர, பக்தர்கள் வடம்பிடித்துக் கோயிலைச் சுற்றி இழுப்பர். ஒரு சுற்றோடு நேர்ச்சை முடியும். அடுத்த நால்வர் ஏறுவர். முன்பு முதுகுத் தோலில் கொக்கி மாட்டினர்; இன்று உடலைத் தாங்குவது துணிக்கட்டே. கைக்குழந்தைகளை அவ்வளவு உயரத்தில் ஏற்றுவதைக் குழந்தை உரிமை ஆர்வலர்கள் எதிர்க்கிறார்கள். அந்த எதிர்ப்பைப் பக்தியின் பெயரால் ஒதுக்கிவிட முடியாது.

தமிழகத்துச் செடல் (கொக்கியில் தொங்கும் நேர்த்திக்கடன்) இதற்கு நெருங்கிய உறவு. மத்திய கேரளத்தின் கருடன் தூக்கத்தில் வேடமும் ஆட்டமும் முதன்மை. கொல்லங்கோட்டில் அவை இரண்டாம்பட்சம்.