ராமேஸ்வரம் போகும் வழியில் மணமேல்குடி

ஜப்பானில் மியாஜிமா என்று ஒரு தீவு. கடல் ஏறும்போது தண்ணீரில் மிதப்பது போல நிற்கும் சிவப்பு வாசலைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பின்னால் இருப்பது இட்சுகுஷிமா கோயில். 1168 வாக்கில் தைரா நோ கியோமோரி என்பவர் அதைப் பெரிதாகக் கட்டினார். அந்தத் தீவில் முன்பு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அங்கே யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது! பிரசவ நாள் நெருங்கினால் பெண்கள் படகேறி அக்கரைக்குப் போய்விட வேண்டியிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் ராமேஸ்வரம்தான் ஞாபகம் வந்தது. அதுவும் தீவு, அங்கும் கடலோரத்தில் கோயில். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் வரும்வரை மண்டபத்திலிருந்து படகில்தான் போக வேண்டும். அதற்கு முந்தைய நடைதான் பெரிய கதை. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த சேது யாத்திரைப் பாதை இன்றைய புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையைத் தொட்டுப் போனது. (புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974-ல் மாவட்டம் அமைந்தபோது வந்து சேர்ந்ததுதான் இந்தக் கடல்.)

அந்தப் பாதையில் தஞ்சை மராத்திய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் ஒன்று, ராஜாமடத்தில் ஒன்று, நம் மணமேல்குடியிலும் மீமிசலிலும் கூட. 1799-ல் ராஜ்யத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்த இரண்டாம் சரபோஜி, சத்திரங்களை மட்டும் தன்னிடமிருந்து எடுத்துவிடக் கூடாது என்று 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார். ராஜ்யம் போன ஒருவர் சோறு போடும் உரிமைக்காக மன்றாடிய கடிதம் அது.

அதில் அவர் சொல்லும் ஏற்பாடுகளைப் பாருங்கள். எந்த ஜாதியானாலும் சாப்பாடு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசி, பருப்பாகவே கொடுத்துவிடுவார்கள். நள்ளிரவு வரை பந்தி நடக்கும். அப்புறம் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிடுவார்கள். மழையில் மாட்டியவர்கள் மழை விடும்வரை தங்கலாம். நோயாளிக்கும் பாம்பு கடித்தவருக்கும் வைத்தியம், குழந்தைகளுக்குப் பால். வழியில் வலி கண்ட கர்ப்பிணிக்கு அங்கேயே பிரசவம் பார்ப்பார்கள். இறந்துபோனால் அவரவர் முறைப்படி காரியமும் செய்வார்கள்.

ஜப்பானியத் தீவு எதைத் தீட்டு என்று அக்கரைக்கு அனுப்பியதோ, அதற்கெல்லாம் இங்கே தீவுக்குப் போகும் வழியிலேயே இடம் இருந்திருக்கிறது. (உடனே நாம்தான் உசத்தி என்று கிளம்ப வேண்டாம். பந்தியில் ஜாதி பார்த்துத்தான் உட்கார வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.)

1855-ல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். சத்திரங்களும் சர்க்கார் கைக்குப் போயின. இப்போது ராமேஸ்வரம் பஸ் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடியைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகிறது. ஜன்னலோர சீட் கிடைத்தால் கடல் பக்கம் பாருங்கள்.