தேவி (வங்கக் கதையும் திரைப்படமும்)

பிரபாத் குமார் முகோபாத்யாய் (1873–1932) 1899இல் எழுதிய வங்கச் சிறுகதை ‘தேவி’. அதைத் தழுவிச் சத்யஜித் ரே இயக்கி 1960இல் வெளிவந்த திரைப்படத்துக்கும் அதுவே பெயர். கிராமத்து ஜமீன் வீட்டில் மாமனார் கண்ட ஒரு கனவால் இளம் மருமகள் காளியின் அவதாரம் ஆகிவிடுகிறாள். அவள் காலடியில் நடந்த அற்புதம் கடைசியில் அவளையே பலி வாங்குகிறது. பேய் பிசாசு எதுவும் இல்லாத இந்தக் கதைக்கு இந்தியத் திகில் இலக்கியத்தில் முதல் வரிசை இடம் உண்டு.

கதைக் கருவைத் தந்தவர் ரவீந்திரநாத் தாகூர். அதை எழுதி முடித்த முகோபாத்யாய் பின்னர் இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆனார். கல்கத்தாவில் சட்டம் கற்பித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட சிறுகதைகள் எழுதியவர். பெரும்பாலும் நகைச்சுவைக்காகவே வங்க வாசகர்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் பேனாவிலிருந்து இவ்வளவு இருண்ட கதை வந்தது வியப்புத்தான்.

படத்தின் களம் 1860களில் சண்டிபூர் என்னும் ஊர். ஜமீன்தார் காளிகிங்கர் மனைவியை இழந்தவர், தீவிர காளி பக்தர். இளைய மகன் உமாபிரசாத் கல்கத்தாவில் ஆங்கிலக் கல்வி பயில்கிறான். அவன் மனைவி தயாமயிக்குப் பதினேழு வயது. மாமனாருக்கு மருந்து கொடுப்பதும் கால் பிடித்துவிடுவதும் அவள்தான். மூத்தார் மகன் கோகா சித்தியின் மடியை விட்டு இறங்கமாட்டான். ஓரிரவு கிழவரின் கனவில் அம்மனின் மூன்று கண்கள் தோன்றி, தயாமயியின் முகமாக மாறுகின்றன. விடிந்ததும் அவள் காலில் விழுகிறார். மூத்த மகன் தாராபிரசாதும் தகப்பனைப் பின்பற்றுகிறான். மூத்த மருமகள் ஹரசுந்தரிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மாலையும் தூபமுமாக அந்தப் பெண்ணைப் பீடத்தில் உட்கார்த்தி வைக்கிறார்கள். புகையிலும் பசியிலும் அவள் மயங்கிச் சாய்வது அருள் வந்ததாகவே அவர்களுக்குத் தோன்றுகிறது.

இதற்குள் ஏழை ஒருவன் சாகக் கிடக்கும் பேரனைக் கொண்டுவந்து அவள் காலடியில் கிடத்துகிறான். பாத தீர்த்தம் கொடுத்ததும் பிள்ளை கண் திறக்கிறது. இது எப்படி நடந்தது என்று ரே விளக்குவதே இல்லை. படத்தின் பயங்கரம் முழுவதும் இந்த மௌனத்தில் இருக்கிறது என்பேன். பிள்ளை பிழைக்காமல் போயிருந்தால் கனவு அந்த வீட்டோடு ஓய்ந்திருக்கும். பிழைத்ததால் ஊர் ஊராகச் சனம் திரண்டு வருகிறது. உமாபிரசாத் அவளை இரவோடு இரவாகப் படகில் அழைத்துப்போக முயல்கிறான். ஆற்றங்கரையில் நீரில் கரைந்துபோன துர்க்கைச் சிலையின் வைக்கோல் கூட்டைப் பார்த்துத் தயாமயி நின்றுவிடுகிறாள். தான் உண்மையிலேயே தேவியாக இருந்தால் என்ன ஆகும் என்ற சந்தேகம் அவளையும் தொற்றிக்கொள்கிறது. அப்புறம் கோகாவுக்குக் காய்ச்சல். வைத்தியரை விட்டுவிட்டு அவனைச் சித்தியின் மடியில் போடுகிறார்கள். பிள்ளை இறந்துபோகிறது. சிறுகதையில் தயாமயி தூக்கு மாட்டிக்கொள்கிறாள். படத்தில் சித்தம் கலங்கி வெளியே ஓடுகிறாள்.

யாரும் யாரையும் ஏமாற்றாத கதை இது. பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஹெர்பர்ட்டின் ‘ஷ்ரைன்’ (1983) நாவலிலும் கிராமத்துச் சிறுமி ஒருத்தியைச் சுற்றி அற்புதங்கள் நடக்கின்றன. அங்கே பின்னணியில் ஒரு தீய ஆவி இருக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜனின் கதையிலிருந்து உருவாகி, 1990களில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொடரிலும் கிராமத்துக் கருப்பசாமியின் தண்டனைகளுக்கு முடிவில் உளவியல் காரணம் கிடைக்கிறது. ‘தேவி’யில் பழி போட ஆளே இல்லை. கிழவர் மருமகளை மனதார நேசிப்பவர். அந்த நேசமே அவளைக் கொல்கிறது.

முன்னர் ரேயின் ‘ஜல்சாகர்’ (1958) படமாக்கப்பட்ட முர்ஷிதாபாத் மாவட்டத்து நிம்திதா மாளிகையிலேயே இதையும் எடுத்தார்கள். ஒளிப்பதிவு சுப்ரதா மித்ரா. கலை பன்சி சந்திரகுப்தா. இசை அலி அக்பர் கான். காளிகிங்கராகச் சபி பிஸ்வாஸ், உமாபிரசாதாகச் சௌமித்ர சட்டர்ஜி நடித்தனர். தயாமயியான சர்மிளா தாகூருக்கு இது ‘அபுர் சன்சார்’ (1959) படத்துக்கு அடுத்த படம். அப்போது அவருக்குப் பதினைந்து வயதுகூட ஆகவில்லை என்பதைப் படம் பார்ப்பவர்களால் நம்ப முடியாது. பேச்சே இல்லாத பீடக் காட்சிகளில் ஒரு சிறுமி மெல்ல மெல்ல வேறொன்றாகிப் போவதைக் கண்களாலேயே காட்டிவிடுகிறார்.

படம் வெளியானதும் இந்து மதத்தைத் தாக்குவதாக எதிர்ப்பு எழுந்தது. வெளிநாடுகளில் திரையிடுவதும் தடைப்பட்டது. தில்லியில் பிரதமர் நேரு தலையிட்ட பிறகே வழி பிறந்தது. அந்த ஆண்டின் சிறந்த வங்கப் படத்துக்கான குடியரசுத் தலைவர் வெள்ளிப் பதக்கம் இதற்குக் கிடைத்தது. 1962இல் கான் திரைப்பட விழாப் போட்டியில் கலந்துகொண்டது. எதிர்த்தவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. காளியை ரே எங்கும் இழிவுபடுத்தவில்லை. ஒரு பெண்ணிடம் சம்மதம் கேட்காமல் அவளைக் கும்பிடுவதைத்தான் கேள்வி கேட்டார். உமாபிரசாதையும் அவர் தப்பவிடவில்லை. விதவையை மணக்க விரும்பும் நண்பனுக்கு ஊக்கம் சொல்லும் அந்த இளைஞனால் சொந்த மனைவியைக் காப்பாற்ற முடியவில்லை.

அற்புதச் செய்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைத் தில்லி 1995 செப்டம்பர் 21 அன்று கண்டது. தெற்குத் தில்லிக் கோயில் ஒன்றில் பிள்ளையார் பால் குடிப்பதாக விடியுமுன் கிளம்பிய செய்தி, அன்றைக்கே வெளிநாட்டுக் கோயில்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மத்திய அறிவியல் துறை ஆய்வாளர்கள் பாலில் சாயம் கலந்து கொடுத்து, பரப்பு இழுவிசையால் அது கரண்டியிலிருந்து எழும்பிச் சிலை மேலாக வழிவதைக் காட்டினார்கள். கல்லுக்கு அதனால் நட்டம் எதுவும் இல்லை. பீடத்தில் இருந்தது உயிருள்ள பெண் என்பதுதான் சண்டிபூரின் கொடுமை.

ரே இந்தப் பொருளை விடவில்லை. போலிச் சாமியாரைப் பற்றி ‘மகாபுருஷ்’ (1965) எடுத்தார். இப்சன் நாடகத்தைத் தழுவிய ‘கணசத்ரு’ (1989) படத்தில் கோயில் தீர்த்தத்தில் நோய்க்கிருமி இருப்பதை ஒரு மருத்துவர் கண்டுபிடிக்கிறார். அந்த ஊரின் பெயரும் சண்டிபூர்தான். ஊரே அவரை ஒதுக்கினாலும், அவருக்கு ஆதரவாக இளைஞர்கள் எழுப்பும் குரல் முடிவில் வீட்டுக்குள் கேட்கிறது. உமாபிரசாதுக்கு அப்படி ஒரு குரல்கூட வரவில்லை.